பதினேழாம் எண் பெறுநர்

மூன்றாவது குறுக்குத் தெரு பதினாறாம் எண் வீட்டோடு முடிந்துபோகும், அதற்கப்பால் சீமைக்கருவேலமும் உடைந்த சிமெண்டுத் தொட்டி ஒன்றும் தவிர எதுவும் கிடையாது என்பது கோவில்பட்டியில் பால் ஊற்றுகிறவருக்கும் தெரியும், கேஸ் சிலிண்டர் இறக்குகிறவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், விடிந்து கொஞ்ச நேரத்தில், பதினேழாம் எண் வீடு இருந்திருக்க வேண்டிய இடத்தில், தேய்த்த வெள்ளைச் சட்டையும் சாம்பல் கால்சட்டையுமாக முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து யாரும் திடுக்கிடவில்லை. பதினாறாம் எண் வாசலில் இட்லிக்கடை போட்டிருக்கும் பாக்கியத்தாய்தான் முதலில் கேட்டாள்.

"யாரு வேணும்?"

"யாரும் வேண்டாம். என் பெயர் இளம்பரிதி. எண் பதினேழில் இருக்கிறேன்."

"முள்ளுல்லா இருக்கு அங்க. எதுல இருக்கீக?"

"வீட்டைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை. முகவரி மட்டும்தான் எழுதியிருக்கிறது."

பாக்கியத்தாய்க்கு அது போதுமானதாக இருந்தது. முகவரி இருந்தும் வீடில்லாத ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். தட்டில் நாலு இட்லி வைத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சாப்பிடுவதற்கு முன்னால் தலையைச் சற்றே சாய்த்து, எங்கிருந்தோ யாரோ பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டு, "அன்புடையீர், தங்கள் அஞ்சல் கிடைத்தது. நாளை பத்து மணிக்குத் தவறாமல் வருகிறேன்" என்று காற்றுக்குப் பதில் சொன்னார். அப்புறம்தான் இட்லியைத் தொட்டார்.

செய்தி பத்தரை மணிக்கெல்லாம் பழைய தீப்பெட்டிக் கம்பெனிக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இப்போது தீக்குச்சி அடுக்குவதில்லை. ஜெயபாண்டி என்கிறவர் பன்னிரண்டு பேரை வைத்து மென்பொருள் செய்துகொண்டிருந்தார், மழைக்காலத்தில் சுவரிலிருந்து இன்னமும் கந்தக வாடை வரும். பன்னிரண்டாவது ஆள் செண்பகம். பேச்சுப்போட்டிக் கோப்பைகளை வைக்க வீட்டில் அலமாரி போதாமல் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறவள், ஆங்கில எம்.ஏ., வாதாட யாருமில்லாத நாளில் தலைவலி வந்துவிடுகிற பெண். பெயரையும் முகவரியையும் கேட்டதும் அவள் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள். அந்தப் பெயரை எழுதியவள் அவள்தான். அந்த முகவரியையும்.

கம்பெனி செய்த பொருள் இதுதான்: மனிதர் ஒருமுறை சொல்லிவிட்டால் அவர் பக்கத்தில் இல்லாமலே வேலையை முடித்துவைக்கிற மென்பொருட்கள் உலகம் முழுக்க வந்துவிட்டனவே, ஏஜெண்ட் என்று சொல்கிறார்களே, அந்த ஏஜெண்டுகள் மின்னஞ்சல் அனுப்புவதற்கு ஒரு கருவி. ஏஜெண்டுக்குக் கண்ணும் கிடையாது, பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்கிற வழக்கமும் கிடையாது. கருவியை எப்படிப் பிடிப்பது என்று கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அதற்கு வேதம், அதுதான் அதற்கு வாத்தியார். அந்தக் கையேட்டை எழுதுவது செண்பகத்தின் வேலை. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரி அஞ்சல் காட்டும்போது, ஒருவருக்கும் சொந்தமாகாமல் உதாரணத்துக்கென்றே ஒதுக்கிவைத்த முகவரியைத்தான் போட வேண்டும். அங்கே எத்தனை அஞ்சல் போனாலும் யார் வீட்டுக் கதவும் தட்டப்படாது. ஜெயபாண்டி அதைத்தான் போடச் சொன்னார். செண்பகம்தான் சண்டை பிடித்தாள்.

"ஆளே இல்லாத முகவரிக்கு அனுப்பிப் பழகுற ஏஜெண்ட், நாளைக்கு ஆள் இருக்கிற முகவரியையும் அப்படித்தான சார் நினைக்கும்? எதிர்ல ஒரு மனுஷன் இருக்கான்ங்கிறது அதுக்குத் தெரிய வேண்டாமா?"

"அது ஒரு புரோகிராம்மா. அதுக்கு மனுஷன் என்ன, மதினி என்ன?"

"அதனாலதான் சொல்றேன்."

ஒரு மணி நேரம் வாதாடி ஜெயித்தாள். ஜெயித்த களிப்பில், மூன்றாவது குறுக்குத் தெரு பதினேழாம் எண் என்று முகவரியும் போட்டு, எட்டாம் பக்கத்தில் எழுதினாள்: மதிப்பிற்குரிய இளம்பரிதி அவர்களுக்கு, நாளை காலை பத்து மணிக்குக் கூட்டம், தவறாமல் வரவும். கீழே, பதில் வரும் முறையை விளக்குவதற்காக: இளம்பரிதி ஒவ்வோர் அஞ்சலுக்கும் அன்றைக்கே, மறுக்காமல், பணிவோடு பதில் அனுப்புவார். கையேட்டைப் படித்து முடித்த ஏஜெண்டுகள், கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு, முதல் காரியமாக அந்த மாதிரியை அப்படியே எடுத்து அனுப்பின. அனுப்பிய அஞ்சல் எங்காவது போய்ச் சேர வேண்டும் அல்லவா? ஆகவே இளம்பரிதி வந்துவிட்டார்.

அவள் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் மூன்றாவது குறுக்குத் தெருவுக்கு ஓடினாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"தாங்கள்தான் எழுதியவர் என்று நினைக்கிறேன்."

"உட்காருங்க, ஐயோ, நீங்க எந்திரிக்காதீங்க" என்றாள் செண்பகம்.  

கையேட்டிலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்ததைக் கோவில்பட்டி ஒரு வாரத்தில் செரித்துக்கொண்டது. அவர் தினமும் பத்து மணிக் கூட்டத்துக்குக் கிளம்புவார். கூட்டம் எங்கே என்று எழுதப்படாததால் பஸ் ஸ்டாண்டு வரை போய், ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துவிட்டு, திரும்பி வருவார். ஜவுளிக்கடைக்காரர்கள் அவர் போவதைப் பார்த்து ஷட்டரைத் தூக்கினார்கள். அஞ்சல்கள் அவருக்குக் காதில் வந்தன. இன்ன நாட்டிலிருந்து வருகிறது என்று அவர் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைபடத்தில் அந்த நாட்டைத் தேடின. வெளிநாட்டில் மகன் இருக்கிற அம்மாக்கள் வந்து, அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது வந்துச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இதெல்லாம் சரி. ஊர் தாங்க முடியாமல் தவித்தது வேறு ஒன்றை.

தெரு நலச்சங்கச் செயலாளர் வேலாயுதம் அண்ணாச்சி, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, சொந்த ஊரு எது?"

"எட்டாம் பக்கம்."

"எந்தப் பக்கமும் இருந்துட்டுப் போகட்டும். அப்பா பேரு?"

"எழுதப்படவில்லை."

"கும்பிடுற சாமி?"

"எழுதப்படவில்லை, ஐயா. மன்னிக்க வேண்டும்."

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற செண்பகத்துக்குக் காது மடல் சூடேறியது. "காகிதத்துல இருந்து ஒரு ஆள் வந்திருக்காருன்னா நம்பிட்டீங்க அண்ணாச்சி. அதுல உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரல. அவர் எந்த ஆளுன்னு தெரியாததுதான் உங்களுக்குத் தூக்கம் கெடுதா?"

"கோவப்படாத தாயி. நாளைக்கு ஒரு வீடு வாடகைக்குக் கேட்டா, எந்தத் தெருவுல பாக்கிறது? அதுக்குத்தான் கேக்கோம்."

"இதே தெருவுல பாருங்க!"

"பாக்கலாம், பாக்கலாம். தெரியட்டும்."

தெரியவேயில்லை. தெரியாதவரைக்கும் வீடும் கிடைக்கவில்லை. பாக்கியத்தாய் தன் வீட்டுச் சுவரோடு ஒரு தகரத்தை இறக்கி, கயிற்றுக் கட்டில் போட்டுக் கொடுத்தாள். முக்குக் கடையில் எல்லாருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது, இளம்பரிதிக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. புது ஆளுக்கு ஒரு மரியாதை என்றார் கடைக்காரர். செண்பகம் கடைவாசலில் நின்று இருபது நிமிஷம் பேசினாள், சட்டப்பிரிவு எண்களோடு பேசினாள், பேசி முடித்துத் திரும்பினால் இளம்பரிதி பேப்பர் கப்பை இரண்டு கையாலும் வாங்கி, "மிக்க நன்றி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் சார் வாங்குறீங்க?"

"கொடுத்தார்கள்."

"வேண்டாம்னு சொல்லக்கூடாதா?"

அவர் உண்மையாகவே முயன்றார். உதடு பிரிந்தது, தொண்டை அசைந்தது, ஒன்றும் வரவில்லை. செண்பகம் அப்போதுதான் புரிந்துகொண்டாள்: மறுக்காமல் என்று எழுதியது அவள் கை. ஊர் அவருக்குச் செய்ததை ஊர் செய்தது. அதை வாங்கிக்கொள்ளும் கையை இவள் செய்திருக்கிறாள். எதிராளிக்குப் பேச வாய் கொடுக்காமலே ஒரு மனிதனைப் படைத்துவிட்டு, மனிதன் இருப்பது தெரிய வேண்டாமா என்று வேறு ஜெயபாண்டியிடம் முழங்கியிருக்கிறாள்.

இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. கருவி நன்றாக விற்றது. முதல் வாரத்தில் நாளைக்கு முப்பது நாற்பதாக வந்த அஞ்சல், முந்நூறாகி, நாலாயிரமாகி, ஆடி நடுவில் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. இளம்பரிதி தூங்குவதை விட்டார். அடுத்து, சாப்பாட்டுக்கு நடுவே நிறுத்துவதை விட்டார். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையில் முப்பது பதில் சொல்ல வேண்டியிருந்தது. அன்புடையீர் கிடைத்தது வருகிறேன், அன்புடையீர் கிடைத்தது வருகிறேன் என்று அவர் உதடு ஆடிக்கொண்டேயிருந்தது, மாவரைக்கிற கிரைண்டர் சத்தத்துக்குப் பழகுவதுபோலத் தெரு அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. தோள் இறங்கியது. வெள்ளைச் சட்டைக்குள்ளே ஆள் குறைந்துகொண்டே வந்தார். "இப்படியே போனா ஆவணியைப் பாக்க மாட்டாரு" என்று பாக்கியத்தாய் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். செண்பகம் அங்கிருந்து நேரே ஆபீசுக்குப் போனாள்.

"ஒரே ஒரு வரி சார். 'பெறுநர் மறுக்கலாம்.' அவ்வளவுதான்."

ஜெயபாண்டி கண்ணாடியைக் கழற்றினார். "பெறுநர் மறுப்பாருன்னு நாமளே எழுதிவச்சா எவன்மா நம்ம கருவிய வாங்குவான்?"

"மறுக்க முடியாத ஆளுக்கு அனுப்புறதுக்குப் பேரு கடிதம் இல்ல சார், உத்தரவு."

"உதாரணத்துக்குப் போட்ட ஆளுக்காக நீ ஏன் இந்தப் பாடு படுற?"

"நீங்களும் நானும் மட்டும் என்ன சார்? நாம இப்படித்தான் உட்காரணும், இப்படித்தான் தலையாட்டணும்னு எவனோ எங்கயோ எழுதிவச்சதுதான?"

மூன்று மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே மற்ற பதினொரு பேரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் ஜெயபாண்டி, "எழுதித் தொலை, என்னைய விடு" என்றார்.

எழுதினாள். மறுநாள் காலை முக்குக் கடையில் பேப்பர் கப் நீண்டபோது இளம்பரிதி அதைப் பார்த்தார். "வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு அந்தச் சொல்லின் ருசியை வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "கண்ணாடியில் கொடுங்கள்." கடைக்காரர் பாய்லரைத் திருகினார், துணியை எடுத்தார், துணியை வைத்தார். வேலாயுதம் அண்ணாச்சி குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கடைசியில் கண்ணாடி டம்ளர் வந்தது. செண்பகம் அன்றைக்குத் தெருவில் நடந்த நடையைப் பார்த்துப் பாக்கியத்தாய், "என்ன தாயி, கலெக்டர் ஆகிட்டியா?" என்று கேட்டாள்.

அந்த நடை இரண்டு நாள் இருந்தது. இளம்பரிதி இப்போது அஞ்சல்களுக்கும், "மன்னிக்கவும், வர இயலாது" என்று பதில் சொன்னார். ஆனால் ஏஜெண்டுக்குக் கொடுத்த வேலை அவரை வரவழைப்பது. வரமாட்டேன் என்று பதில் வந்தால், வேலை முடியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். தன் அஞ்சலில் ஏதோ பிழை என்று நினைத்தது. சொற்களை மாற்றி மறுபடி அனுப்பியது. பணிவைக் கூட்டி அனுப்பியது, அவசரத்தைக் கூட்டி அனுப்பியது, தங்கள் வருகையின்றிக் கூட்டமே இல்லை என்று உருகி அனுப்பியது. ஒவ்வொரு முடியாதுக்கும் மூன்று வந்தது, அந்த மூன்றுக்கும் ஒன்பது. நாற்பதாயிரம் வெள்ளிக்கிழமைக்குள் நாலு லட்சத்தைத் தொட்டது. சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில், சங்கரன்கோவில் பஸ்ஸுக்கும் எட்டையபுரம் பஸ்ஸுக்கும் நடுவில், இளம்பரிதி மடங்கி உட்கார்ந்தார். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காது இரண்டும் அடுப்புப்போலக் கொதித்தன.

செண்பகம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் வெகுநேரம் கழித்து, பதில்களுக்கு நடுவில் கிடைத்த சிறு இடைவெளியில், சொன்னார்.

"எட்டாம் பக்கத்தை எடுத்துவிடுங்கள்."

"மாட்டேன்."

"நான் கேட்கிறேன்."

"எடுத்தா நீங்க இருக்க மாட்டீங்க. தெரிஞ்சுதான் கேக்கிறீங்களா? வேற வழி இருக்கும். நான் இன்னொரு வரி எழுதுறேன். மறுத்தா மறுபடி அனுப்பாதேன்னு எழுதுறேன், ஒரு நாளைக்கு ஒண்ணுதான்னு எழுதுறேன்..."

"அம்மா." அவர் அவளை முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டார். "நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் என்மேல்தான் வந்து உட்கார்கிறது."

அவளிடம் மறுப்பு இருந்தது. அவளிடம் எப்போதும் மறுப்பு இருக்கும். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை மூன்று மணி நேரம் வாதாடி வாங்கிக் கொடுத்தவளே, அவர் அதை எடுத்து அவளிடம் நீட்டும்போது எந்த வாயால் இல்லை என்பாள்? எனக்குப் பிடித்த இடத்தில் மட்டும் மறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அவளுக்கும் வேலாயுதம் அண்ணாச்சிக்கும் என்ன வித்தியாசம்? கட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பாக்கியத்தாய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். செண்பகம் ஐம்பது பதில் சொல்லுகிற நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள்.

ஆபீசில் யாரும் இல்லை. எட்டாம் பக்கத்தைத் திறந்தாள். மதிப்பிற்குரிய என்பதிலிருந்து ஆரம்பித்து எழுத்து எழுத்தாக அழித்தாள், ஒரேயடியாக அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டாள். அதையும் அழித்தாள். ஒருவருக்கும் சொந்தமில்லாத முகவரியைப் போட்டு, வெளியிடும் பொத்தானை அழுத்திவிட்டு, கட்டில் காலியாக இருக்கப் போவதைப் பார்ப்பதற்குத் தன்னைத் தயார் செய்துகொண்டு, மெதுவாக, ரயில்வே கேட் வழியாகச் சுற்றி நடந்து வந்தாள்.

தகரத்துக்குக் கீழே அவர் அப்படியே படுத்திருந்தார். உதடு ஆடிக்கொண்டிருந்தது.

ஜெயபாண்டிக்குப் போன் போட்டாள். "எடுத்துட்டேன் சார். எல்லாத்தையும் எடுத்துட்டேன். அப்புறமும் வருது."

ஜெயபாண்டி கெட்டவர் இல்லை. "நம்ம பக்கத்துலதான எடுத்த" என்றார். "இந்த ரெண்டு மாசத்துல எத்தனை பேரு பிரதி எடுத்துருப்பான், எத்தனை ஏஜெண்ட் அதைப் படிச்சே வளந்திருக்கும். படிச்சது படிச்சதுதான் செண்பகம். அதுககிட்டப் போயி மறந்துருன்னு சொல்றதுக்கு ஒரு இடம் கிடையாது. எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

"யார்கிட்ட பேசணும்? யாராவது ஒருத்தர் இருப்பாங்கல்ல? பேரைச் சொல்லுங்க, நான் பேசுறேன். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் பேசுறேன்."

"அதான்மா. ஆள் இல்ல."

அவள் போனை வைத்தாள். எதிரில் உட்கார்ந்து அசடு வழிய ஓர் எதிராளி இருந்தால், திமிராகவாவது ஓர் எதிராளி இருந்தால், விடிய விடிய வாதாடித் தோற்றிருப்பாள். இளம்பரிதி இருமினார். செண்பகத்துக்குச் செய்ய வேறொன்றும் தோன்றாததால், கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் காதுகளில் வைத்து அழுத்தினாள்.

உதடு நின்றது. கண் மூடியது. ஆடி பிறந்ததிலிருந்து முதல்முறையாக இளம்பரிதி தூங்கினார்.

அஞ்சல் நிற்கவில்லை. அது அவள் உள்ளங்கை வழியாக ஏறியது, முழங்கை வரை எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்து அவள் காதுக்கு வந்தது: மதிப்பிற்குரிய இளம்பரிதி அவர்களுக்கு, மதிப்பிற்குரிய இளம்பரிதி அவர்களுக்கு. அவள் எழுதிய வாக்கியம்தான். ஒரு காலத்தில் அழகாக இருக்கிறது என்று நினைத்த வாக்கியம். கையை எடுத்துப் பார்த்தாள். அவர் உதடு உடனே ஆட ஆரம்பித்தது. திரும்ப வைத்துவிட்டாள்.

ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. தெரு இதையும் செரித்துக்கொண்டது. பாக்கியத்தாய் கடையை ஏறக்கட்டியதும் வந்து இரண்டு மணி நேரம் கை வைத்தாள். வைத்துவிட்டு, "என்னம்மா பணிவாப் பேசுதுக, சண்டாளப்பயல்க" என்றாள். ஜவுளிக்கடைப் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் முறை வைத்து வந்தார்கள். டீக்கடைக்காரர் வந்தார். வேலாயுதம் அண்ணாச்சி ஒரு பொட்டலம் பஞ்சு வாங்கிக்கொண்டு வந்து, அதைக் கட்டிலின் விளிம்பில் வைத்துவிட்டு, தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பஞ்சு ஒன்றுக்கும் ஆகவில்லை. மனிதத் தோல்தான் தடுத்தது, அதுவும் வைத்திருக்கும்வரைதான். செண்பகம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது, ஆனால் சொல்வதற்குத் தேவைப்பட்ட மூச்சை உலகத்து ஏஜெண்டுகள் எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தன. காதுக்குள் வந்த ஒவ்வொன்றுக்கும் அவள் உதடு, அவளை அறியாமலே, கிடைத்தது கிடைத்தது என்று ஆட ஆரம்பித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாக்கியத்தாய் ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். செண்பகத்தின் இரண்டு கையும் அங்கே இருந்ததால் ஊட்டத்தான் வேண்டியிருந்தது.

"எத்தனை நாளைக்குத் தாயி இப்படி?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற பெண், கேள்வியைக் காதில் வாங்கினாள், அவர் முகத்தைக் குனிந்து பார்த்தாள், அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்தாள்.